கேள்வி மட்டும் கேளுங்கள்

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது சலவைப் பிரிவு. மேலே வரவேற்பறையில் பூவாசம் என்றால், கீழே சோப்பும் ஆவியும் ஈரத்துணியும் கலந்த நெடி. அதற்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் சைரன் என்றே கூப்பிட்டார்கள். இயந்திரங்களின் இரைச்சலை மீறிக் கேட்கும் குரல். தலைமுடியை முடிந்துகொள்ளாமல் ஒருத்தி இயந்திரத்துப் பக்கம் போனால் போதும், "ஏய், உன் தலையையும் சேத்துத் துவைக்கணுமா?" என்று ஒரு சத்தம் வரும். கத்திக்கொண்டே ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவாள். மற்றதெல்லாம் பிறகுதான். அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவள் பொறுப்பேற்றதிலிருந்து அங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

புதிதாக வந்த மேனேஜர் குரலை உயர்த்தாதவர். எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் மேல்மாடிக் கூட்ட அறையில் உட்கார வைத்தார்.

"இனிமே இங்க அதட்டல் உருட்டல் எதுவும் கிடையாது. கோச்சிங்தான். நீங்க பதில் சொல்லாதீங்க, கேள்வி மட்டும் கேளுங்க. விடை அவங்ககிட்டயே இருக்கு."

பின்வரிசையில் நமுட்டுச் சிரிப்பு எழுந்தது. சைரன் சிரிக்கவில்லை. இடைவேளையில் மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மேடம், இந்த வேலையில உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. துணி வெளுப்பாக வந்தால் பிடிக்கும் என்று ஏதோ உளறிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது.

"உப்பு கம்மியா இருக்கே" என்றார் கணவர்.

"அதுக்கு என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு நினைக்கிறேன்."

நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கணவரின் தங்கை அவள், அவர்களோடுதான் இருந்தாள். அவளைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டதும் சைரன்தான்.

கீழேயும் முதலில் கேலிதான். சைரனுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவள் விடவில்லை. ஒவ்வொருத்தியையும் துணி அடுக்கும் மேஜை ஓரமாக உட்காரவைத்துக் கேட்டாள். உனக்கு எது கஷ்டமா இருக்கு? எது மாறினா நல்லாருக்கும்? மெல்ல மெல்ல வாய் திறந்தார்கள். நின்று நின்று கால் வீங்குகிறது என்றாள் ஒருத்தி. காற்றாடி சூட்டைத்தான் வாரி இறைக்கிறது என்றாள் இன்னொருத்தி. சைரனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளும் இவர்கள் பேசி அவள் கேட்டதே இல்லையே.

நாத்தனாரின் முறை வந்தது. அவள் நிற்பது சூட்டு உருளை இயந்திரத்தில். ஈரமான படுக்கை விரிப்பை இருபுறமும் பிடித்து உருளைகளுக்கு இடையில் விட்டால், மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். கை உள்ளே போய்விடாதபடி முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும்.

"அந்தக் கம்பி இப்போ வேலை செய்யலை அண்ணி. சும்மா சும்மா நிக்குதுன்னு மெக்கானிக் இழுத்துக் கட்டிட்டுப் போயிட்டாரு."

சைரனுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. எழுந்துவிட்டாள். பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அதுக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?"

"நான் என்னத்த நினைக்கிறது? நிறுத்திட்டுச் சரி பண்ணணும்."

சைரன் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன தோணுது மேடம்?"

"நிறுத்திடலாம் சார்."

"நிறுத்தினா ரூம்களுக்கு விரிப்பு?"

"போதாது சார்."

"அப்போ நிறுத்தாம என்ன செய்யலாம்? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை."

அவள் யோசித்தாள். அவர் புன்சிரிப்போடு காத்திருந்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "மெக்கானிக் வர்ற வரைக்கும் கவனமா இருக்கச் சொல்றேன்" என்றாள்.

"பாத்தீங்களா? விடை உங்ககிட்டயே இருந்துச்சு."

படியிறங்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெக்கானிக் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் ஓட்டல் நிரம்பி வழிந்தது. விரிப்பின் ஓரம் மடங்கிக்கொள்ள, அதை நீவிவிடப் போன நாத்தனாரின் வலது கை உருளைகளுக்குள் போய்விட்டது. அவள் அலறல் கேட்டு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கியவள் சைரன்தான். அதற்குள் மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் மேனேஜர் வழக்கம்போல மென்மையாகவே பேசினார்.

"நாங்க இங்க யாருக்கும் உத்தரவு போடறதில்லை. முடிவெடுக்கிற சுதந்திரம் அவங்களுக்கு முழுசா இருந்துச்சு. மெக்கானிக் வர்ற வரைக்கும் கவனமா இருக்கச் சொல்றேன்னு அவங்களேதான் சொன்னாங்க. இல்லையா மேடம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "ஆமா சார்" என்றாள்.

வேலையைப் பறிக்கவில்லை. துண்டு மடிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு வந்தவள் பயிற்சியில் நன்றாகத் தேறியவள். முதல் நாளே எதிரில் வந்து உட்கார்ந்து, "நடந்ததுலேர்ந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?" என்று அன்பாகக் கேட்டாள். சைரன் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் ஒருமுறைதான் பேசினாள்.

"நான்தான் சொன்னேனே அண்ணி. சொன்னதுக்கப்புறமும் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

அங்கிருந்து நேராகப் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கணவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "அவ துணியெல்லாம் எடுத்து வை, கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

சைரன் அலமாரியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். பொத்தான் வைத்த சட்டைகள் வந்தபோது கை நின்றது. ஒரு கையால் போட்டுக்கொள்ள முடியாது. அவற்றைத் தனியே எடுத்துக் கட்டிலில் அடுக்கிவிட்டு, மிச்சத்தைக் கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.