பஞ்சநாதன் வழித்த சாலை

1

இந்தக் கதை எனக்கு மழையில் கிடைத்தது. மரக்காணம் தாண்டி ஈசிஆரில் வந்துகொண்டிருந்தேன். உப்பளத்தை ஒட்டிய வளைவில் ஒரு பெரியவர் நடுரோட்டில் நின்று நனைந்த துண்டை ஆட்டினார். வேகத்தைக் குறைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

'வானம் கறுத்துக்கொண்டு...' சே, எல்லார் கதையிலும்தான் வானம் கறுக்கிறது. இப்படித் தொடங்குகிறேன்: உப்பளத் தொழிலாளி பஞ்சநாதனின் மகன் தேவா, போன ஐப்பசி மழையில் இந்த வளைவில் பைக் சறுக்கிச் செத்துப்போனான். ரோட்டில் கிடந்த மணல்தான் சறுக்கிவிட்டது என்று கூடி நின்றவர்கள் சொன்னார்கள். பஞ்சநாதன் நம்பினார். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பழி போட ஏதாவது வேண்டாமா?

(உண்மையில் அங்கே ரோடு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஈரத்தில் டயருக்குப் பிடிப்பே இல்லை. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.)

3

இந்த வருடம் ரோட்டு ஆட்கள் வந்தார்கள். வளைவில் பசை பூசி, மேலே சொரசொரப்பான பொடிக்கல்லைத் தூவி, காயட்டும் என்று தடுப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பஞ்சநாதன் பார்த்தார். மறுபடியும் மணல்! உப்பு வாரும் பலகையை எடுத்துவந்தார். உப்புப் பாத்தியின் தரையை மிதித்து மிதித்து வழவழப்பாக்கியே காலம் தள்ளியவர். ஒரு கல் விடாமல் வழித்தார். அழுதுகொண்டே வழித்தார். [இந்த வரியை அடித்தேன். திரும்பச் சேர்த்துவிட்டேன். அழத்தான் செய்திருப்பார்.]

ஆட்கள் திரும்பியபோது பசை இறுகியிருந்தது. திட்ட வாயெடுத்த மேஸ்திரி சக்கரபாணி, அவர் முகத்தைப் பார்த்துத் தணிந்தார்.

"பெரியவரே, அந்தக் கல்லுதாங்க டயரப் புடிச்சி நிறுத்தும். இப்ப கண்ணாடி மாதிரி ஆக்கிட்டீங்க. நாளைக்குத்தான் திரும்பப் போட முடியும்."

"அப்போ எம்புள்ள மணல்ல சறுக்கலியா?" என்றார் பஞ்சநாதன்.

வண்டிகள் நெருக்கியதால் தடுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் மழை பிடித்தது. தேவாவின் மனைவி இலக்கியா கோட்டக்குப்பத்தில் துணிக்கடை வேலை முடிந்து ஸ்கூட்டியில் இந்த வழியாகத்தான் வருவாள். பஞ்சநாதன் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. [வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். புருஷனை ரோட்டில் பறிகொடுத்தவள்.] துண்டை உருவிக்கொண்டு வளைவுக்கு ஓடினார்.

4

ஒரு முடிவு: இலக்கியா பத்திரமாக வந்து, "ஏன் மாமா மழையில நிக்கறீங்க?" என்கிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்று: அவள் ஸ்கூட்டி அந்த வளைவில்...

மாட்டேன். ஒரே வீட்டில் இரண்டாவது சாவை எழுத எனக்குக் கை வராது.

அதனால் அவள் இன்னும் வளைவுக்கு வரவில்லை. அவளுக்கு முன்னால் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். துண்டு ஆட்டுபவரைக் குடிகாரன் என்று நினைத்து ஹாரன் அடிக்காதீர்கள். பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். நீங்கள் குறைத்தால்தான் பின்னால் வருகிற அவளும் குறைப்பாள்.