காய்ந்த கை

தண்ணீரில் கையை வைத்தவுடன் நான் தௌசிப்பின் முகத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். இரண்டு பிளாஸ்டிக் தட்டு, இரண்டிலும் குழாய்த் தண்ணீர், நடுவில் ஒரு சின்ன மெஷின். உள்ளங்கைகளைத் தண்ணீரில் பரப்பி வைத்தால் மெல்ல கரண்ட் ஏறும். ஷாக் எல்லாம் இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. விரலில் கீறல் இருந்தால் மட்டும் சுள்ளென்று இழுக்கும். இழுக்கட்டும். "இருடா, பெருநாள் வரட்டும்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொள்வேன். நோன்பு வைத்துக்கொண்டு ஒருத்தனை இப்படிக் கறுவுவது தப்புதான், தெரியும். கறுவினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். வெயிலுக்கு வேர்ப்பதல்ல. மார்கழியில் சிநேகிதர்களோடு கல்வராயன் மலைக்குப் போனபோது மற்றவர்களெல்லாம் பல் கிட்டி நடுங்க, என் கை மட்டும் சொட்டியது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளுக்கு மேல் துணியைப் போட்டு அதன்மேல் கை வைத்து எழுதினேன். இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கடை. என் போனுக்கே என் விரலை அடையாளம் தெரியாது. கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஸ்கிரீன் கிளாஸ் ஒட்டினால், "இன்னா பாய், ஆபரேஷனா?" என்பார்கள். சிரித்து வைப்பேன்.

தௌசிப் செய்ததற்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. அவன் என் மாமா மகன். மச்சான் முறைக்காரன் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாதாம், எந்த மகராசன் போட்ட சட்டமோ. போன நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து ஈத்கா மைதானத்தில் எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தோம். என் கையைப் பிடித்தவன் சட்டென்று உருவி, அந்த ஈரத்தை முகத்தில் தடவினான், முழங்கை வரை தடவினான், தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்கிற மாதிரியே. "மச்சான் கையப் புடிச்சாலே ஒளு ஆயிடுதுடா! பைப்பாண்ட யாரும் போவாதீங்க, எல்லாரும் இங்க வாங்க!" மைதானமே சிரித்தது. பொடிசுகள் வரிசையில் வந்து நின்றன. எனக்குப் பெண் கொடுக்க வந்திருந்த தியாகதுருகத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு ஏதோ நரம்பு வியாதி போலிருக்கிறது என்று மறுவாரம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எனக்கு ஊரில் ஒரே பெயர், ஒளு பைப்பு.

"வுட்டுத் தள்ளு அன்சரு. அவன் வெளையாட்டுக்குச் சொன்னான்" என்றார் அம்மா.

"உங்க அண்ணன் மவன் உங்களுக்கு ஒசத்தி. எனக்குப் பொண்ணு போச்சும்மா."

"அல்லா அவனக் கேப்பான்."

"கேக்கட்டும். அதுக்கு மின்னாடி நான் கேக்குறேன்."

தோல் டாக்டரம்மாவிடம் போனது அதற்குத்தான். முதலில் தடவுகிற மருந்து கொடுத்தார். படுக்கப் போகும்போது கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தடவ வேண்டும். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி ஊறும் கையை நான் எங்கே போய்க் காயவைப்பது? எரிந்ததுதான் மிச்சம். அடுத்து மாத்திரை. கை கொஞ்சம் அடங்கியது, ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கடையில் பேசவே முடியவில்லை. வேறு என்ன வழி என்று கேட்டேன். "ஊசி இருக்கு. உள்ளங்கையில போடணும், நல்லா வலிக்கும். சில மாசம்தான் தாங்கும், செலவும் ஜாஸ்தி. ஆபரேஷன்ல நரம்பக் கட் பண்ணுவாங்க. கை காஞ்சிடும், ஆனா முதுகு, வயிறுன்னு வேற எடத்துல கொட்ட ஆரம்பிக்கலாம். அது கடைசி. அதுக்கு முன்ன இந்த மெஷின வச்சிப் பாருங்க. விடாம செய்யணும், நிறுத்தினா திரும்ப வரும்" என்றவர், "கல்யாணம் எதாச்சும் வருதா?" என்று கேட்டார்.

"இல்லிங்க. ஒருத்தர் கையப் புடிக்கணும்."

அவர் வேறு என்னவோ புரிந்துகொண்டு சிரித்தார்.

மெஷின் வேலை செய்தது. நோன்பு மாதம் பாதி தாண்டும்போது என் உள்ளங்கையில் வெடிப்பு விழுந்தது. எனக்கு, உள்ளங்கையில் வெடிப்பு! அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அதே வாரம் சங்கராபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முகம்மது கவுஸ், இரும்புக் கடைக்காரர், பெண் பெயர் ஹப்சா. போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். பெருநாளைக்குக் கள்ளக்குறிச்சியில் தங்கை வீட்டுக்கு வருகிறாராம், ஈத்காவில் என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "இந்த எடம் நல்ல எடம்டா. அன்னிக்கு அந்த தௌசிப்புப் பக்கமே போவாத" என்று அம்மா கெஞ்சினார். சரி என்றேன். அந்தப் பக்கம்தான் போவது என்று ஒரு மாதமாகத் தண்ணீரில் கை வைத்திருந்தவன் நான்.

பெருநாள் அன்று தொழுகையும் பிரசங்கமும் முடிந்து எழுந்தோம். தொழவைத்த ஹஜ்ரத்துக்குக் கைகொடுத்தேன், பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தேன். யாரும் கையை வேட்டியில் துடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கவுஸ் பாய் நாலைந்து பேருக்குப் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு முன்னால் தௌசிப். அத்தர் மணக்க வந்து கட்டிக்கொண்டான்.

"ஈத் முபாரக் மச்சான்!"

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். நான் காத்திருந்தேன். கை காய்ந்திருப்பதை அவன் கவனிக்கவே இல்லை. காய்ந்து வெடித்த என் உள்ளங்கை அவன் கைக்குள் இருக்கிறது, அவன் கண் அடுத்த ஆளைத் தேடுகிறது. கையை உருவப் பார்த்தான். நான் விடவில்லை.

"இன்னாடா, ஒளு பண்ணலியா?"

"இன்னா ஒளு?"

"போன வருசம். இதே எடம்."

அவன் யோசித்தான். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தான். "நானா? இன்னா சொன்னேன்? கெவனம் இல்லியே மச்சான்."

என் பெண் போனது, என் பெயர் போனது, தோல் எரிந்தது. நாய்க்கு ஞாபகம்கூட இல்லை. விரல் எலும்பு நெரிகிற மாதிரி அவன் கையை நசுக்கினேன். "நெனச்சிப் பாரு. நெனச்சிப் பாத்து இவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"விடு மச்சான், நோவுது. அல்லாரும் பாக்குறாங்கோ."

அப்போதுதான் எங்கள் கைகளுக்கு நடுவில் ஈரம் தட்டியது. அவன் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது, வேர்த்தது அவன் கையாகவும் இருக்கலாம். கொழகொழவென்று பிடி வழுக்கத் தொடங்கியது. மணிக்கட்டு வழியாக ஒரு சொட்டு இறங்கி என் புதுச் சட்டைக் கைக்குள் போயிற்று. விட்டால்தான் யாருடையது என்று தெரியும்.

தௌசிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்ற கவுஸ் பாய் "தம்பி" என்று சிரித்தபடி இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். நான் தௌசிப்பின் கையை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தேன்.