வெள்ளிக்கிழமையில் நிற்கும் கமரா

ஆறாம் தரமாகக் கோப்பாய்க்குப் போய், ஆறாம் தரமாகவும் அந்த வீட்டுக் கமரா நான்கும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்தபோது றோய்க்கு அழுகை வரும்போல் இருந்தது. பழுதாய்ப் போன கமரா என்றால் திருத்தலாம். பழுதே இல்லாத கமராவை எந்தக் கொம்பனால் திருத்த முடியும்?

றோய் பாசையூர்க்காரன். எட்டு வருடமாக ஏணியும் துளைபோடும் மெசினுமாக யாழ்ப்பாணம் முழுக்கத் திரிந்து வீடுகளுக்குக் கமரா பூட்டுகிறவன். வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரில்தான் இப்போது மண் விழப் பார்த்தது.

வீடு பொன்னம்பலத்தாருடையது. தெற்கே ஊர் ஊராக ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். அவரும் மனைவி சிவகௌரியும் மட்டுந்தான் அங்கே. போன மாசி மாதம் அவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கனடாவில் இருக்கிற மகள் நிவேதனா அதைக் கேட்டு ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லையாம். உடனே கமரா பூட்டச் சொன்னாள். றொறன்ரோவில் பேருந்துக்கு நிற்கும்போதும் போனில் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கமரா கிழமைக்கு ஒரு தரமாவது நின்றுவிடும். அவள் போனில் படம் வராது. இரண்டு மணித்தியாலம் கழித்துத் தானாகவே வரும்.

நிவேதனா சாதாரண ஆள் இல்லை. கோப்பாயிலிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் போனவர்கள் இருநூற்று நாற்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதை நடத்துகிறவள் அவள்தான். றோய்க்கு இந்தப் பக்கத்தில் கிடைத்த வேலையெல்லாம் அந்தக் குழுவால் வந்தது. அவனையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். முந்தாநாள் அவள் அவனுக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள்.

“தம்பி றோய், இனி என்னாலை பொறுக்கேலாது. இந்தச் சனிக்கிழமை வரைக்கும் பாப்பன். இன்னொருக்கா கமரா நிண்டுதெண்டால், உம்மைக் கூப்பிட வேண்டாமெண்டு குறூப்பிலை போட்டுவிடுவன். பேந்து என்னோடை கோவிக்கப்படாது.”

அவன் செய்யாத வேலையா? முதல் தரம் வந்தபோது, இணையம் தருகிற றவுட்டரை உள்ளறையில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள், கள்ளன் கண்டுவிடுவானாம். இரும்பு சிக்னலை விடாது என்று விளக்கம் சொல்லி, அதைக் கூடத்துத் தட்டில் உயரமாக வைத்தான். இரண்டாம் தரம், மலிவான அடப்டர் சூடாகி நின்றுவிடும் என்று நான்கையும் தூக்கி எறிந்துவிட்டு நல்லதாகப் போட்டான். மூன்றாம் தரம், படலைக் கமராவின் வயர் மூட்டுக்கு மழை படாமல் பெட்டி வைத்தான். நான்காம் தரம், வாழையிலை காற்றுக்கு ஆட ஆட, ஆள் நடமாட்டம் என்று நாளுக்கு இருநூறு அறிவித்தல் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, அந்த மூலையைக் கமரா கவனிக்காதபடி மறைத்துவிட்டான்.

“இருட்டிலை கமராவிலை எரியிற இந்த லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கிழமைக்கு ஒருக்காத் தும்புத்தடியாலை தட்டிவிடுங்கோ அம்மா. அது வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளையாத்தான் தெரியும்” என்று சிவகௌரிக்குச் சொல்லிக் கொடுத்தான். அவர் அதை மூன்று நாளைக்கு ஒரு தரம் செய்தார். ஐந்தாம் தரம், கடவுச்சொல்லை மாற்றி, பதிவுகளைத் தொடாமல், பதிவுப் பெட்டியின் அமைப்புகளை மட்டும் முழுக்க அழித்துப் புதிதாக ஆரம்பித்தான். ஒவ்வொரு தரமும் கேட்டான்: “ஐயா, இஞ்சை கரண்ட் போய் வாறதோ?”

“இல்லைத் தம்பி. எங்கடை ஒழுங்கையிலை கரண்ட் போறேல்லை” என்பார் பொன்னம்பலத்தார். அது உண்மை.

ஆறாம் தரமான இன்று புதன்கிழமை. சிவகௌரி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிழை பிடிக்கத் தெரியாதவனுக்கு என்ன தேத்தண்ணீர் என்று றோய்க்குத் தன்மேலேயே கோபம் வந்தது. குடிக்காமல், பதிவுப் பெட்டியைத் திறந்து, எந்தெந்த நேரம் பதிவு இல்லை என்று ஒரு கடதாசியில் எழுதத் தொடங்கினான். இதை முதல் தரமே செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. அடப்டரும் வயருமாக ஓடித்திரிந்தானே தவிர, இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யத் தோன்றவில்லை.

எழுதி முடித்து முதலிலிருந்து வாசித்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து முதல் ஏழு. அடுத்த வெள்ளியும் அப்படியே. ஒரு செவ்வாய் காலை ஏழரை முதல் பன்னிரண்டு.

“ஐயா, வெள்ளிக்கிழமை பின்னேரத்திலை எங்கை நிக்கிறனீங்கள்?”

“கோயிலிலை.”

“போன மாதம் பன்னிரண்டாந் தேதி, செவ்வாய்க்கிழமை விடிய?”

“தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். இவவுக்குக் கிளினிக்.” பொன்னம்பலத்தார் கடதாசியை வாங்கிப் பார்த்தார். “எல்லாம் நாங்கள் வீட்டிலை இல்லாத நேரம்.”

சிவகௌரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

“அப்ப ஆரோ எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறான்” என்றார் பொன்னம்பலத்தார் மெதுவாக. “நாங்கள் போனாப்போலை வந்து கரண்டை வெட்டுறான்.”

றோய்க்கும் அப்படித்தான் பட்டது. பயமும் வந்தது, கூடவே, சொன்னால் வெட்கம், ஒரு சந்தோசமும் வந்தது. கள்ளன் என்றால் பிழை தன்னுடையது இல்லை. வெள்ளிக்கிழமை வழமைபோல் கோயிலுக்கு வெளிக்கிடுங்கள், நான் ஒழுங்கை முனையில் நின்று போனில் பார்க்கிறேன், ஆளைக் கையோடு பிடிக்கலாம் என்றான். தன் சாமான்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனபிறகுதான் தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனைத் திறந்தான். நான்கு கமராவின் படமும் துப்புரவாக வந்தது. படலையில் ஒருவரும் இல்லை. கிணற்றடியில் ஒரு காகம். பின் வேலிப் பக்கமும் வெறுமையாக இருந்தது. முன் விறாந்தையில் சிவகௌரி பூத்தட்டோடு இறங்கி நின்றார். பொன்னம்பலத்தார் கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தரம் இழுத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இடப்பக்கச் சுவரடிக்குப் போனார். அந்த இடம் கமராவுக்குள் வராது.

படம் நான்கும் ஒன்றாக நின்றன.

றோய் ஓடினான். ஒழுங்கையில் ஒரு ஈ காக்கை இல்லை. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது, பொன்னம்பலத்தார் சுவரில் இருந்த கரண்ட் பெட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, கள்ளன் வந்திட்டானோ?” என்று அவர் பதறினார்.

“ஐயா, இப்ப என்ன செய்தனீங்கள்?”

“பூட்டினன்.”

“பெட்டியிலை என்ன செய்தனீங்கள்?”

“மெயின் சுவிச்சை நிப்பாட்டினன்.” அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “வீட்டிலை ஆளில்லாமல் கரண்டை விட்டிட்டே போறது? ஏதும் பத்திப்பிடிச்சால்?”

றோயின் வாயில் வந்த சொற்களில் ஒன்றையும் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. ஆறு தரம் ஏணி ஏறினதும், அடப்டரும், வாழையிலையும், இரண்டு நாளாகக் கனவில் வந்த கள்ளனும் ஒன்றாக மண்டைக்குள் ஏறி நின்றன. “நான் ஒவ்வொரு முறையும் கேட்டனானெல்லோ ஐயா!”

“நீர் கரண்ட் போறதோ எண்டெல்லோ கேட்டனீர். அது போறேல்லைத்தானே.”

றோய் போனை எடுத்து நிவேதனாவுக்கு அடித்தான். அங்கே காலை. வேலைக்குப் போகிற அவசரத்தில் பேசினாள். றோய் வென்றவன் குரலில் சொன்னான்: “அக்கா, பிழையைப் பிடிச்சிட்டன். ஐயா வெளிக்கிடேக்கை மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் போறார்.”

“ஓம்” என்றாள் நிவேதனா.

விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து றோய் இன்னும் சத்தமாகச் சொன்னான்:

“அக்கா, மெயினை நிப்பாட்டுறார்.”

“ஓம், அதுக்கென்ன? ஆளில்லாத வீட்டிலை நிப்பாட்டத்தானே வேணும். ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் போன் எடுத்து, மறந்துபோகாதேங்கோ அப்பா எண்டு சொல்லுறனான். நீர் கமராவைப் பாரும்.”

“மெயினை நிப்பாட்டினால் கமராவுக்கு எங்காலை அக்கா கரண்ட்?”

போனுக்குள் பேருந்துக் கதவு மூடுகிற ஒலி கேட்டது.

“அப்ப அதை நீர் எல்லோ முதலே சொல்லியிருக்கவேணும்” என்றாள் இருநூற்று நாற்பது பேரைக் கட்டி ஆளுகிற நிவேதனா, குரல் கொஞ்சம் இறங்கி.

அந்த ஒரு வார்த்தைதான் றோயைக் குத்தியது. ஏனென்றால் அது சரி. லென்சைத் துடையுங்கள், கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று எட்டு வருடமாக வீடு வீடாகச் சொன்னவன், இதை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. பாசையூரில் அவனுடைய வீட்டிலும் ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது மெயினை நிப்பாட்டித்தான் போவார்கள். கடைசியாக வெளியே வருகிற ஆள் அவன் என்றால் நிப்பாட்டுகிறவனும் அவன்தான்.

போனை வைத்துவிட்டு, மெயினைத் திரும்பப் போட்டான். பொன்னம்பலத்தாரிடம் கெஞ்சினான். “மெயின் கிடக்கட்டும் ஐயா. மற்றச் சுவிச் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இது ஒரு சின்ன பல்ப் எரியிற அளவுதான் எடுக்கும்.”

“சின்ன பல்பாலையும் வீடு பத்தும்.”

“அப்ப றவுட்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும் கமராவுக்கும் பற்றறி ஒண்டு வைச்சுவிடுறன். மெயின் இல்லாட்டிலும் நாலு மணித்தியாலம் ஓடும்.”

“ஆளில்லாத வீட்டிலை பற்றறியோ? அது வீங்கி வெடிக்கிறதை நீர் பேப்பரிலை பாக்கேல்லையோ?”

கோயில் மணி கேட்டது. சிவகௌரி பூத்தட்டோடு படலைக்கும் விறாந்தைக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார். பொன்னம்பலத்தார் பெட்டியைப் பார்த்தார், படலையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து, பெட்டிக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

“நீர் போயிட்டு வாரும்” என்றார் மனைவியிடம். “கரண்ட் ஓடுது. நான் பாத்துக்கொள்ளுறன்.”

“வெள்ளிக்கிழமையிலை நான் தனியப் போறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?” என்றார் சிவகௌரி.

அப்போது றோயின் போன் சத்தமிட்டது. குழுவில் நிவேதனா எழுதியிருந்தாள்: ‘எங்கடை வீட்டுக் கமரா சரிவந்திட்டுது. றோய் தம்பி கெட்டிக்காரன். இண்டைக்கு வெள்ளிக்கிழமையும் படம் வடிவாத் தெரியுது.’ மெயினைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அதற்குக் கீழே கைதட்டலும் பூவுமாக வந்து குவிந்தன. லண்டனிலிருந்து ஒருவர், ‘எங்கடை வீட்டிலும் நல்லூர்த் திருவிழா நேரத்திலைதான் நிக்கிறது. தம்பியை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ’ என்று கேட்டிருந்தார். சுவிசிலிருந்து இன்னும் இரண்டு பேர்.

பெயர் தப்பிவிட்டது. சந்தோசப்பட வேண்டியவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆளில்லாத வீட்டைப் பார்க்கத்தானே கமரா. இனி அந்தக் கமராவுக்குக் கரண்ட் ஓடுவதைப் பார்க்க இந்த மனிதன் வெள்ளிக்கு வெள்ளி கோயிலை விட்டு இங்கே குந்தியிருக்கப்போகிறார். எல்லாம் தான் பூட்டின சாமானால்.

“எழும்புங்கோ ஐயா” என்றான். “ரெண்டு பேரும் கோயிலுக்குப் போங்கோ. நீங்கள் வரும்வரைக்கும் நான் இதிலை இருக்கிறன்.”

பொன்னம்பலத்தார் நம்பாமல் பார்த்தார். “பெட்டியிலை இருந்து கண்ணை எடுக்கமாட்டீரே?”

“எடுக்கமாட்டன்.”

அவர் கதவைத் திரும்பப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவிக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். றோய் கதிரையை முன்னுக்கு இழுத்து, பெட்டி தெரிகிற மாதிரி விறாந்தையில் இருந்தான். பத்து நிமிடம் ஆகவில்லை, போன் சத்தமிட்டது. நிவேதனா. இந்தத் தரம் அவனுக்கு மட்டும்.

‘றோய் தம்பி, நீர் ஏன் எங்கடை விறாந்தையிலை இருக்கிறீர்? கமரா திரும்பப் பழுதோ?’

றோய் தலையை நிமிர்த்தி, கமராவைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.