மறு ஏலத்துக்கு வந்த பவுடர்

அப்பாவாவதற்கு முன் ஐசக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழைய பேப்பரில் சுற்றித் தருகிற போண்டாவை, பேப்பரில் ஒட்டிய துணுக்கு உட்படச் சுரண்டித் தின்றுவிட்டுத்தான் எலெக்ட்ரிக் ரயிலில் ஏறுவார். கையெல்லாம் சாயம் ஒட்டுகிற கேசரி, ஈ மொய்க்கிற சர்பத் எதற்கும் முகம் சுளித்ததில்லை. பிழைப்பும் அதற்கேற்ற பிழைப்புத்தான். பல்லாவரத்துச் சந்து ஒன்றில் இருந்த கம்பெனியின் ரோஸ்மதி பவுடரைக் கடை கடையாக ஏறி விற்பார். "சொந்தப் பிள்ளைக்கே கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம் சார்" என்பார். அப்போது அவருக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதனால் சொல்வதும் சுலபமாக இருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் மகள் மெர்சி பிறந்தாள். மனுஷன் தலைகீழாக மாறிப்போனார்.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்பதுதான் எந்நேரமும் பேச்சு. பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறக்க வேண்டும். கறந்து முடிகிறவரை ஐசக் பக்கத்தில் குந்தி, செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா சார், மடிக்குள்ள பூந்தா தண்ணி ஊத்தப் போறேன்? உன்னோட ஒரே பேஜாரா கீது" என்று பால்காரர் அலுத்துக்கொண்டார்.

பாப்பாவுக்குப் பால் கொடுக்கிறவள் என்று மனைவி ஹில்டாவின் தட்டிலும் கை வைத்தார். கேசரியில் சாயம், அப்பளத்தில் சோடா உப்பு, பஜார் மிளகாய்த் தூளில் செங்கல் பொடி. "அப்ப நான் காத்தைத்தான் குடிக்கணும். அதுலயும் தோல் பதனிடுற ஷாப் நாத்தம் கலந்திருக்கே, பரவாயில்லையா?" என்று ஹில்டா கேட்டாள். ஐசக் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு முன் அவர் பாஸ்டரிடம் போய்த் தண்ணீர் காய்ச்சினதுதானா என்று விசாரித்ததுதான்.

"ஜெபம் பண்ணின தண்ணி, ஐசக்."

"அது சரிங்கய்யா. காய்ச்சினீங்களா?"

ஹில்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாப்பாவுக்குப் போட ஒரு சாம்பிள் டப்பாவைக் கையில் எடுத்தபடி, "ஊர்ல எல்லாரையும் கேக்கிறீங்க. உங்க பவுடர்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஐசக்குக்குத் திக்கென்றது. டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் கம்பெனியில் மேனேஜர் லக்ஷ்மிநாராயணனைக் கேட்டார். "வாசனை இருக்கு, வெள்ளையா இருக்கு, உமக்குச் சம்பளம் இருக்கு. வேற என்ன வேணும் ஓய்?" என்று அவர் சிரித்தார். ஐசக் நேராகப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. கோலமாவுக்காரர்கள் வாங்குகிற அதே மாக்கல் பொடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் பேர் ஒட்டாத ஒரு டின். அதற்குள் மூக்கைக் கொண்டுபோனதும் கண் எரிந்து நீர் கொட்டியது. இரண்டையும் கலக்கிக்கொண்டிருந்த ஆள் வாயில் துணி கட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டால், "தொண்டை எரியுது சார்" என்றார்.

வீட்டில் இருந்த டப்பாக்களை ஐசக்குக்குக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. நல்ல வேளையாகச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று ஆளாளுக்கு வாழைத்தாரும் பூசணியும் கோழியும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் நடக்கும். ஐசக் டப்பாக்களுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் வைத்தார். யாராவது பெரியவர்கள் எடுத்துக் கழுத்தில் அப்பிக்கொள்வார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இப்படி ஒரு மடத்தனம் அவருக்குத்தான் வரும்.

ஏலம் விட்டவர் வேதசிரோமணி. தாம்பரம் பஜாரில் பெரிய கடைக்காரர். ஐசக் வீட்டு அடுப்பு எரிவதே பாதி அவர் கொடுக்கிற ஆர்டரில்தான். அவர் தொண்டைக்கு மைக் வேண்டாம்.

"ரோஸ்மதி பவுடர்! நம்ம ஐசக் சார் சொந்தப் பிள்ளைக்குப் போடுற பவுடர்! யார் கேக்கிறீங்க?"

முதலில் கேட்டது ஞானஜோதி டீச்சர், ஐசக்கின் அடுத்த வீட்டுக்காரி. அவள் இடுப்பில் இருந்த பையனுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. அவன் ரிப்பனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

ஐசக் பதறி எழுந்து கூட்டிக் கேட்டார். டீச்சர் இன்னும் கூட்டினாள். இவரும் விடவில்லை. தானே கொண்டுவந்து வைத்ததைத் தானே ஏலம் எடுக்கிற புருஷனை ஹில்டா கண்ணாலேயே எரித்தாள். கடைசியில் ஏலம் ஐசக்குக்கே விழுந்தது. அப்பாடா என்று கையை நீட்டினார்.

வேதசிரோமணி கொடுக்கவில்லை. "ஐசக் சார் கர்த்தருக்கே திருப்பிக் குடுத்துட்டார்! மறு ஏலம்!"

காசைக் கட்டி எடுத்ததைத் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவது அந்தச் சபையில் பெரிய மனுஷத்தனம். ஐசக்கே முந்தின வருஷம் ஒரு பூசணிக்காயை அப்படி விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்தான். மறுபடியும் டீச்சர் கேட்டாள், மறுபடியும் இவரே எடுத்தார். "அடடா, என்ன மனசு! மறு ஏலம்!" ஜனங்கள் கைதட்டினார்கள். பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் கேட்க ஐசக்கிடம் காசு இல்லை. டீச்சர் கேட்ட விலையிலேயே ஏலம் நின்றது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"குடுக்காதீங்க!"

எல்லாரும் ஐசக் பக்கம் திரும்பினார்கள். வேதசிரோமணியின் முகத்தைப் பார்த்ததும் ஐசக்குக்கு ஆர்டர், சம்பளம், வேலை எல்லாம் கண்முன் வந்தன.

"அதைப் பிள்ளைக்குப் போடாதீங்க டீச்சர். அதுல என்ன கலக்கிறாங்கன்னு நான் போய்ப் பாத்தேன். என் பாப்பாவுக்கு நான் போடுறதில்லை."

"என் கடையில முன்னாடி ஷெல்ஃப் பூரா அதுதானேய்யா" என்றார் வேதசிரோமணி மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை போனது போனதுதான் என்று ஐசக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டோமே என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞானஜோதி பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இவன் பொறந்தப்ப நீங்கதானே சார் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தீங்க? நீங்க குடுத்ததுன்னு தினமும் அதைத்தானே போட்டேன்."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதைத்தான் ஐசக்கால் தாங்க முடியவில்லை.

"அப்ப எனக்குப் பிள்ளை பொறக்கலையே டீச்சர்" என்றார்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தலை நிமிர முடியாத வெட்கம். அதைவிட நல்ல பதிலாக ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார்.