கோணிப்பையில் பாதி கார்

காரை யாராவது பாகம் பிரிப்பார்களா? பிரித்தார்கள் ஐயா. கீழ்பென்னாத்தூரில் இரண்டு மகானுபாவர்கள் பிரித்தார்கள். நிலத்தைப் பிரித்தாகிவிட்டது, கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தாகிவிட்டது, அண்டா குண்டாவெல்லாம் ஆளுக்குப் பாதி போய்விட்டது. கடைசியில் செத்துப்போன அப்பாவின் கறுப்பு ஆஸ்டின் கார் மட்டும் களத்தில் நின்றது. "எனக்குத்தான்" என்றார் பெரியவர் ராஜமாணிக்கம். "அது எப்படி?" என்றான் தம்பி மணிவேல். "வித்துத் தொலைங்கடா" என்று பஞ்சாயத்தார் சொன்னதும், இரண்டு பேரும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். அன்றைக்கு அவர்களுக்குள் இருந்த ஒற்றுமை அது ஒன்றுதான்.

"கார் அவருக்குன்னா, அதுல கையால தூக்கற சாமான் எல்லாம் எனக்கு" என்று மணிவேல் ஸ்பேனரோடு போய் பானெட்டைத் திறந்தான். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஹார்ன், முன்பலகையிலிருந்த கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோணிப்பையில் போட்டான். சாவியைக்கூட விடவில்லை. ராஜமாணிக்கத்துக்கு வந்ததே கோபம்! "டேய், இந்த வண்டிய ஓட்டிக்கினுதான்டா உன் வாசப்படிய மிதிப்பேன். அதுவரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று ஊரே கேட்கக் கத்தினார்.

"ஓட்டிக்கினு வா, பாக்கலாம்" என்று பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தம்பி போய்விட்டான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் நடந்த கூத்து இது. சின்னப் பசங்க சண்டையாக இருந்தால் பொழுது சாய்வதற்குள் தீர்ந்திருக்கும். இவர்களோ மீசை வைத்த ஆண்பிள்ளைகள், வருஷக் கணக்கில் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒருத்தர் முகூர்த்தத்துக்குப் போனால் இன்னொருத்தர் வரவேற்புக்குப் போவார். ராஜமாணிக்கத்தின் சம்சாரம் இறந்தபோது மணிவேல் சுடுகாட்டுக்கு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பேசாமல் திரும்பிப் போனான். அவன் முதுகையே பார்த்தபடி இவரும் நின்றார்.

ராஜமாணிக்கத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. திருவண்ணாமலையில் பஸ் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் வாடகை வீடு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஊரிலிருந்து கட்டி இழுத்து வந்த ஆஸ்டின், எஞ்சினும் உடம்புமாக. ஒரு வேளை சோறு வடித்து மூன்று வேளை சாப்பிடுவார். மீதி நேரமெல்லாம் காருக்கு அடியில்தான். பிரேக், கிளட்ச், கதவுப் பூட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் என்று எல்லாவற்றையும் தானே உரசி, தட்டி, சரிபண்ணிவிட்டார். சாவி போன இடத்தில் ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டார். கார்புரேட்டருக்கு மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள் வரை போனார். "அம்பாசிடரோடத மாட்டிக்க பெரியவரே, ஓடும்" என்றார்கள். ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? வேண்டாம் என்று வெறுங்கையோடு பஸ் ஏறினார். அந்தக் கோணிப்பை ஒன்றுதான் தம்பியோடு அவருக்கு மிச்சமிருந்த உறவு. வேறு சாமானை மாட்டி ஓட்டிவிட்டால் அதுவும் அறுந்துபோகும் என்று பயந்தார்.

அவருக்கு வேண்டியது கார்புரேட்டர் இல்லை. "அண்ணா" என்று அவன் வாயால் ஒரு தடவை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பாவின் கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் வரும்போதே ஹார்ன் கேட்கும். இரண்டு குட்டையாக, ஒன்று நீட்டாக. மணிதான் முதலில் ஓடுவான். ஓடிப்போய் இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொள்வானே தவிர ஏற மாட்டான். அப்பா எவ்வளவு அதட்டினாலும், "அண்ணன் வரட்டும்ப்பா" என்று நிற்பான். ராஜமாணிக்கம் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போவார். தனக்காக ஒருத்தன் நிற்கிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு மிதப்பு.

தொண்ணூற்றாறாம் வருஷம், தீபாவளி முடிந்த ஒரு காலை. சந்து முனையில் ஆட்டோ நின்றது. இடுப்பில் கோணிப்பையோடு இறங்கி வந்தவள் பச்சையம்மாள், மணிவேலின் சம்சாரம்.

"வாம்மா" என்றார்.

"அவரு குடுத்தனுப்பல மாமா, நானாத்தான் எடுத்தாந்தேன்" என்று பையை இறக்கி வைத்தாள். "ஆடி மாசம் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கிச்சு. சுவரப் புடிச்சிக்கினு நாலடி நடக்கறாரு. நெனப்புதான் வருது, போவுது. வேலூர் டாக்டரு இது இன்னும் ஜாஸ்தியாவும்னு சொல்லிட்டாரு. நல்லா இருக்கற நேரத்துல பரண் மேல இருக்கற இந்தப் பையையே காட்டறாரு. அண்ணன் வந்தாரான்னு கேக்கறாரு."

ராஜமாணிக்கம் குனிந்து பையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"இப்பவே என்கூட வந்துடுங்க மாமா. பஸ்ஸுல வந்தா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க?"

அந்த நிமிஷமே கிளம்பியிருக்க வேண்டாமா மனுஷன்? கீழ்பென்னாத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தால் சோற்று வேளைக்குப் போய்ச் சேரலாம். வீம்பு விட்டால்தானே! "வண்டியிலதான் வருவேன்னு சொன்னவன் நான். சாமான் வந்துடுச்சு இல்ல? சடுதியில மாட்டிக்கினு அவனெதிர்ல போய் நிக்கறேன் பாரு. அவன் சந்தோசப்படணும்" என்றார்.

"நெனப்பு இருக்கறப்பவே வாங்க மாமா" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் போனாள்.

பையைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கார்புரேட்டர் மேலும் ஹார்ன் மேலும் அடை மாதிரி சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தம்பி பையை இறக்கி, ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்திருக்கிறான். பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப் பொட்டு. இங்கே இவரும் வருஷா வருஷம் சாமான் இல்லாத வெறும் பானெட்டுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினவர்தானே! ஒரே காரின் பாதிக்கு அவனும், மீதிப் பாதிக்கு இவரும் ஒரே நாளில் படைத்திருக்கிறார்கள். "மடப்பயலே, மடப்பயலே" என்று வாய்விட்டு அழுதார். அவனைத் திட்டினாரோ, தன்னையே திட்டிக்கொண்டாரோ.

சந்தனத்தைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினார். கீழே கொட்ட மனசு வரவில்லை. ஒரு புகையிலை டப்பாவில் சேர்த்து வைத்தார். கார்புரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டின் துளைக்குள்ளும் சந்தனம் இறங்கிக் காய்ந்து கல்லாக இருந்தது. "பொட்டு வெக்கற எடமாடா இது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. பித்தளைச் சாமானையெல்லாம் புளித்தண்ணீரில் ஊற வைத்தார். ஜெட்டில் கம்பி விடக்கூடாது, துளை பெரிசாகிவிடும். ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, ஊதி ஊதி எடுத்தார். உள்ளே மிதக்கும் பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கினார். ஓர் ஓரத்தில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. அங்கே ஊசி முனை அளவு ஈயம் வைத்து அடைத்தார். கடிகாரம் ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டர் முனைகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதும் நெருப்புப் பொறி வந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் எஞ்சின் உறுமிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கைதேர்ந்த வேலைக்காரர்தான்.

அப்புறமும் ஏன் கிளம்பவில்லை? ஹார்ன்!

ஹார்னுக்குள் அதிர்கிற தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எண்ணெய் டின்னை வெட்டிப் புதுத்தகடு போட்டார். சத்தம் வந்தது, ஆனால் அப்பாவின் சத்தம் இல்லை. ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. வேறு டின்னை வெட்டினார், இது லாரி மாதிரி அலறியது. திருகாணியைக் கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். ஆசிரமத்துப் பக்கம் தியானம் பண்ண வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி கொட்டகை வாசலில் வந்து, கண்ணில் நீர் முட்ட, கைகூப்பி நின்றாள். தன் வேலையைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இவர் இன்னொரு தடவை அடித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சரசுதான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "யோவ், ஹார்ன் இல்லாம வண்டி ஓடாதா? போய்யா உன் தம்பியப் பாக்க!" என்று கத்தினாள்.

போகலாம்தான். கார்த்திகை தீபக் கூட்டம் கலையட்டும் என்றார். தீபம் முடிந்து மலையிலிருந்து கொப்பரையும் இறங்கிவிட்டது. மார்கழி போகட்டும் என்றார். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு போய் நிற்கிறேன் என்றார். பொங்கலும் போயிற்று. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் உதறல். வாசலில் போய் நின்று என்ன பேசுவது? அந்தச் சத்தம் மட்டும் சரியாக வந்துவிட்டால் தான் ஒன்றும் பேச வேண்டியதில்லை, ஹார்னே பேசிவிடும், அவன் ஓடி வருவான் என்று மனசில் ஒரு கணக்கு. விசிறி மட்டையால் வீசிக்கொண்டு தனியாக உட்கார்ந்து, "டேய் மணி, நான்தான்டா" என்று காரிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். சொன்னதும் வெட்கமாகிவிடும், மறுபடியும் திருகாணியைப் பிடித்துக்கொள்வார்.

மாசி மாதத்தில் ஒருநாள் பித்தளைத் தாம்பாளத்தின் அடியை வெட்டித் தகடாகப் போட்டார். சம்சாரத்தின் சீர்த் தாம்பாளம் அது. திருகாணியை ஒரு மயிரிழை தள்ளிவிட்டு அழுத்தினார். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. அப்பாவேதான்!

மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அப்பாவைப் போலவே தோளில் துண்டைப் போட்டார். டப்பாவிலிருந்த பழைய சந்தனத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார். ராஜகோபுரத்தைத் தாண்டும்போது ஒரு கும்பிடு. சோமாசிபாடி தாண்டினார். பஸ்காரர்கள் வழிவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்து சீட் காலியாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது அதில் தம்பி இருப்பான் என்று நினைத்து நினைத்து வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனார்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஹார்ன் அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

தெருவில் நுழைந்தபோது பார்த்தால், மணிவேல் வாசலுக்கே வந்திருந்தான்! இளைத்து, நரைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு. "விழுந்துடப் போறீங்க, நில்லுங்க" என்று பச்சையம்மாள் பின்னால் ஓடி வந்தாள். அவன் நிற்கவில்லை. கார் நின்றதும் இடது கையால் இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா!" என்றான் மணிவேல்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மணி... நான்தான்டா. அண்ணன்டா" என்றார். எத்தனையோ நாள் காரிடம் சொல்லிப் பார்த்த அதே வார்த்தை.

மணிவேல் அதைக் காதில் வாங்கவே இல்லை. குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். காருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று. "அண்ணன் எங்கப்பா? அவன ஏன் கூட்டிக்கினு வரல?"

ராஜமாணிக்கம் பச்சையம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொங்கல் வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கினு இருந்தாரு மாமா. அண்ணன் வரும், அண்ணன் வரும்னு புதுவேட்டி கட்டிக்கினு வாசல்லயே உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் ஒருத்தரையும் தெரியல. என்னையே அம்மான்றாரு." அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏறுடா மணி" என்றார் ராஜமாணிக்கம்.

"ஊஹூம். அண்ணன் வரட்டும்ப்பா. அவன உட்டுட்டு நான் ஏற மாட்டேன்."

ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். தெருவே கூடி நின்று பார்த்தது. மணிவேலுக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து, இடது கையை எட்டி நீட்டி அவர் தோளைத் தொட்டான்.

"அழுவாதப்பா. வந்துடுவான். அவன் எப்பவும் மெதுவாத்தான் நடந்து வருவான், ஆனா வந்துடுவான்."

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஞ்சினை அணைத்தார். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தார்.

"சரிடா. வரட்டும்" என்றார்.

மணிவேல் கதவைப் பிடித்தபடி தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் அந்தப் பக்கமே பார்த்தார். அப்படியே இரண்டு பேரும் அண்ணனுக்காகக் காத்திருந்தார்கள்.