எந்தப் பட்டியலின் முப்பத்தொன்று

அந்தச் செய்தியைச் சந்திரமதிதான் பிரித்தாள். 1973 ஜூலை மூன்றாம் தேதி, மத்தியானம் இரண்டே கால் மணி. போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே வயர்லெஸ் செய்தி வாங்கி அனுப்பும் நிலையத்தில் அவள் கவுன்ட்டர் கிளார்க். உள்ளேயிருந்து ஆபரேட்டர் நீட்டிய தாளில் கட்சால் என்று தீவின் பெயர், கீழே அவளுடைய பெயர், அனுப்பியவர் பழனிசாமி, பிறகு ஒரே ஒரு எண்: 31.

பழனிசாமி அவள் புருஷன். கட்சால் ரப்பர் தோட்டத்தில் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே குடும்பத்துக்கு வீடு கிடைக்கும் வரை அவள் மரைன் ஹில்லில் ஒற்றை அறையில் இருப்பது என்று ஏற்பாடு. அது ஒன்றே முக்கால் வருஷமாக நீண்டிருந்தது.

தனியார் செய்திகளுக்கென்று வயர்லெஸ் செட்டில் கிடைத்தது ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான். எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து அந்த அரைமணி. மழைக்காலத்தில் அதிலும் பாதி இரைச்சலில் போய்விடும். அதனால் ஒவ்வொரு தீவிலும் யாராவது ஒரு கெட்டிக்காரர், ஜனங்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை வரிசைப்படுத்தி எண் போட்டு வைத்திருந்தார். ‘பணம் கிடைத்தது’ என்பதற்கு ஓர் எண். ‘குழந்தை பிறந்தது, இருவரும் நலம்’ என்பதற்கு ஓர் எண். இந்தப் பக்கம் எண்ணை வாங்குகிறவர் பட்டியலைப் பார்த்து வாக்கியமாக விரித்து, சீட்டில் எழுதிக் கொடுப்பார். கட்சாலுக்கு ஒரு பட்டியல், போர்ட் பிளேருக்கு ஒன்று, கொப்பரை வியாபாரிகள் தங்களுக்குள் வைத்திருந்தது ஒன்று. இந்தக் குழப்பம் வேண்டாம், ஜூலை முதல் தேதியிலிருந்து எல்லாரும் போர்ட் பிளேர் பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மே மாதமே உத்தரவு போட்டிருந்தார்கள்.

சந்திரமதி போர்ட் பிளேர் பட்டியலை எடுத்தாள். முப்பத்தொன்று: ‘அடுத்த கப்பலில் வருகிறேன்.’

தன் பெயருக்குத் தானே சீட்டு எழுதிக்கொண்டாள். பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணிடம், “எங்க வீட்டுக்காரர் வர்றாராம்” என்றாள்.

மறுநாள் காலை, கட்சால் வழியாகப் போகும் நிகோபார் கப்பல் புறப்பட்டது. ஜன்னல் வழியே அது துறையைத் தாண்டிப் போவதை அவள் பார்த்தாள். இந்தக் கப்பல் போய்த் திரும்புகிறபோது அவன் அதில் இருப்பான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் அபர்தீன் பஜாரில் புதுத் தலையணை உறை இரண்டு வாங்கினாள்.

பதினொன்றாம் தேதி கப்பல் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் போன பிறகு, பச்சை டிரங்குப் பெட்டியோடு ஒருவர் அவளிடம் வந்தார். கட்சால் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்.

“நீங்கதானே பழனிசாமி சம்சாரம்?”

“ஆமா. அவர் எங்கே?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மலேரியா என்றார். மூளைக்கு ஏறிவிட்டது என்றார். ஏழாம் தேதி விடிகாலை போய்விட்டான், அன்றைக்கே அடக்கம் செய்தோம், செட் அஞ்சாம் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை, சொல்லியனுப்ப வழி இல்லை என்றார். “மூணாந்தேதி சேதி போட்டோமே, உங்களுக்குக் கிடைக்கலையா?” என்று கேட்டார்.

“கிடைச்சுது” என்றாள் சந்திரமதி.

அவள் அழவில்லை. புருஷனின் பெட்டியைத் தூக்க ஒரு கூலியைக் கூப்பிட்டாள். மேட்டில் ஏறும்போது கூலிக்கு மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் நின்று அவனுக்காகக் காத்திருந்து கூட்டிப்போனாள்.

நடந்தது என்னவென்று மறுவாரம் தெரிந்தது. உத்தரவும் போர்ட் பிளேர் பட்டியலும் வைத்த உறை கட்சாலில் இறங்கவே இல்லை. ஜூன் மாதக் கப்பல், கடல் கொந்தளிப்பில் படகு இறக்க முடியாமல் கட்சாலைத் தாண்டிப் போய், உறையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கட்சாலில் பழைய பட்டியலைத்தான் வைத்திருந்தார்கள். அதில் முப்பத்தொன்று: ‘நோய் கடுமை, உடனே புறப்பட்டு வரவும்.’

நாலாம் தேதிக் கப்பலில் ஏறியிருந்தால் ஆறாம் தேதி அவள் கட்சாலில் இருந்திருப்பாள். இந்தக் கணக்கை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பதினாறு நாள் லீவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினாள். சீட்டுகளை விரித்து எழுதினாள். யாராவது துக்கம் கேட்டால், “ம்” என்றாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி வைத்தாள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது. கொதிக்கிற பாத்திரத்தைக் கையால் பிடித்துவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் நிலையத் தலைவர் பக்தவத்சலம் அவளைக் கூப்பிட்டார். சென்னைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர். மே மாத உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“எல்லாத் தீவுக்கும் ஒரே பட்டியல் தயார் பண்ணணும். இந்தத் தடவை உத்தரவா அனுப்பப்போறதில்லை, எல்லாரையும் வரவழைச்சு உட்காரவெச்சுப் பேசப்போறேன். எழுதறதுக்கு ஒருத்தர் வேணும். உங்களைக் கேட்கறதுக்கே எனக்கு நாக்கு எழலை. வேணாம்னா வேணாம்.”

“எழுதறேன் சார்” என்றாள்.

செப்டம்பர் பத்தாம் தேதி கூட்டம் கூடியது. கட்சாலிலிருந்து வந்தவர் திருநாவுக்கரசு. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து, குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். கட்சால் பட்டியலை எழுதியவர் அவர். வியாபாரிகள் தரப்பில் அப்துல் ஜப்பார். ராமநாதபுரம் பக்கத்து மனிதர், நிகோபார் தீவுகளில் கொப்பரையும் பாக்கும் வாங்குகிறவர். வடக்கே டிக்லிபூரிலிருந்து ஒரு வங்காளி பள்ளிக்கூட வாத்தியார் வந்திருந்தார். அவருக்காகப் பாதிப் பேச்சு ஹிந்தியில் நடந்தது.

முதல் நாள் முழுக்கச் சண்டை. ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலே நிற்கட்டும் என்றார்கள்.

“எங்க ஆளுங்களுக்கு எண்ணெல்லாம் மனப்பாடம். இப்ப மாத்துன்னா எப்படி மாத்துவாங்க? நீங்க எல்லாரும் எங்க லிஸ்ட்டுக்கு வந்துருங்க, அவ்வளவுதான், முடிஞ்சுது” என்றார் ஜப்பார்.

“உங்க லிஸ்ட்டுல பாதி கொப்பரை வெலைங்க. பிள்ளை பொறந்ததைச் சொல்ல அதுல எண்ணே கிடையாது” என்றார் திருநாவுக்கரசு.

“வெலை தெரியாம படகு அனுப்பினா என் கதி என்ன?”

வாத்தியார் தன் பட்டியலை மேஜைமேல் விரித்து, எல்லாம் சேர்த்து நானூறு வாக்கியம் ஆகிறது, யார் இதைப் புரட்டிக்கொண்டிருப்பது என்று ஹிந்தியில் சலித்துக்கொண்டார்.

சந்திரமதி அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“சார், போன வருஷத்துச் சீட்டு எல்லாம் ரெக்கார்டு ரூம்ல இருக்கு. எந்த வாக்கியம் எத்தனை தடவை போயிருக்குன்னு எண்ணிப் பார்க்கலாம். அதிகமாப் போறதுக்கு ஒத்தை இலக்க எண். அடுத்ததுக்கு ரெண்டு இலக்கம். எப்பவோ போறதுக்கு மூணு. யாரோட லிஸ்ட்டுன்னு பார்க்க வேண்டியதில்லை.”

மூன்று நாள் அவளும் திருநாவுக்கரசும் அந்த அறையில் உட்கார்ந்து, ஆறாயிரத்துச் சொச்சம் சீட்டுகளை எண்ணினார்கள். எல்லாவற்றிலும் அதிகமாகப் போயிருந்தது, ‘இங்கு நலம், அங்கு நலமா’ என்பதுதான். எல்லாத் தீவிலிருந்தும் அதுதான். அதற்கு ஒன்று என்று எழுதினாள். இரண்டாவதாக வந்தது, ‘கடிதம் வரவில்லை ஏன்’. கொப்பரை விலை ஆறாவது இடத்தில் வந்தது. அதைக் கேட்டதும் ஜப்பார் முகம் மலர்ந்து, “நான் சொன்னேன்ல!” என்று எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார்.

எண்ணும்போது இரண்டாம் நாள் திருநாவுக்கரசு, சீட்டுக் கட்டை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“தங்கச்சி, அந்த மூணாந்தேதி சேதியை அனுப்பினது நான்தாங்க. உங்ககிட்ட இதைச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.”

“தெரியும்ணே. அப்புறம் கட்சால்லேர்ந்து வந்த ஃபாரத்துல உங்க கையெழுத்து இருந்துச்சு.”

சீட்டுகளைக் கொஞ்ச நேரம் அடுக்கினாள்.

“அவர் என்ன சொன்னாரு?”

“என்னங்க?”

“எண்ணு நீங்க போட்டது. அவர் வாயால என்ன சொன்னாரு? வார்த்தையாச் சொல்லுங்க.”

திருநாவுக்கரசு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“ஆஸ்பத்திரிக் கொட்டாயில படுத்திருந்தார். நான் போனேன். நிறையப் பேசினாருங்க. காய்ச்சல்லதான், ஆனா தெளிவாத்தான் பேசினார். உங்களைப் பத்தித்தான். நான்…” அவர் கையைப் பார்த்துக்கொண்டார். “செட்டுக்கு இன்னும் இருபது நிமிஷந்தான் இருந்துச்சு. எனக்கு முன்னால ஏழு சேதி. இதுக்கு எது பொருந்தும், முப்பத்தொண்ணா முப்பத்துநாலான்னு பட்டியலைப் புரட்டிக்கிட்டே இருந்தேன். அவர் சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல நிக்கல. பொய்யா எதையாச்சும் சொல்ல எனக்கு வரலீங்க.”

“சரி” என்றாள் சந்திரமதி.

அடுத்த கட்டை அவிழ்த்தாள். அன்றைக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது சீட்டு எண்ணினார்கள்.

கடைசி நாள் இரண்டு விஷயம் பாக்கி. ஒன்றை அவளே எடுத்தாள். ஒவ்வொரு செய்தியும் ஓர் எழுத்தில் தொடங்க வேண்டும் என்றாள். இந்தப் பட்டியலுக்கு ‘க’. நாளைக்கு இதைத் திருத்தினால் புதியதற்கு ‘ச’. எழுத்தைப் பார்த்தபிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். எழுத்து இல்லாமல் வந்தால் விரிக்கக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும்.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்துன்னா ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் போகுமே தங்கச்சி” என்றார் ஜப்பார் தயக்கத்தோடு. “எல்லாரும் ஒரே லிஸ்ட்னு ஆனப்புறம் அது எதுக்கு?”

“எல்லார்கிட்டயும் ஒரே லிஸ்ட் இருக்குன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம்” என்றாள்.

வாத்தியாருக்கு பக்தவத்சலம் ஹிந்தியில் விளக்கினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது என்பதால் ‘க’வும் ‘ச’வும் ஏ, பி என்று மாறின. அவர் சம்மதமாகத் தலையாட்டி, “டீக் ஹை, டீக் ஹை” என்றார்.

மற்றது சாவு. சாவுச் செய்திக்கு எண் வைப்பதா? அதை எண்ணாக அனுப்பக்கூடாது, யார், எப்போது, எப்படி என்று முழு வாக்கியமாகத்தான் போக வேண்டும் என்று சந்திரமதி சொன்னாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

திருநாவுக்கரசு எழுந்து நின்றார். “தங்கச்சி, உங்ககிட்ட மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்ல. ஆனா ஜூலை மாசம் எங்க செட் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முழு வாக்கியம் போகவே போகாதுங்க. ரெண்டு இலக்கம்னா, பத்துத் தடவை கத்தினா ஒரு தடவை போகும். கப்பல்துறையில போய் நின்னுதான் தெரிஞ்சுக்கணும்கற நிலைமை இன்னொருத்தருக்கு வரக்கூடாது.”

பக்தவத்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்திரமதி யோசித்தாள். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. வரிசையில் காலியாக இருந்த எண் பத்தொன்பது. அதைச் சாவுக்கு எழுதினாள்.

அக்டோபரில் பட்டியலை அச்சடித்து எல்லாத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். வந்து சேர்ந்தது என்று ஒவ்வொரு தீவிலிருந்தும் கையெழுத்து வந்த பிறகுதான் தேதி குறித்தார்கள். கட்சாலின் கையெழுத்து நவம்பர் நடுவில் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில், முன்பு இருபத்திரண்டு செய்தி போன அரைமணியில் அறுபது போயிற்று. பக்தவத்சலம் அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டு, கட்சால் போக அனுமதிச் சீட்டு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

ஜனவரியில் போனாள். கடல் அமைதியாக இருந்தது. படகிலிருந்து இறங்கியதும் திருநாவுக்கரசின் மனைவி அலமு கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ரப்பர் மரங்களுக்குப் பின்னால், கடற்கரையை ஒட்டிய மேட்டில் ஆறு புதைகுழிகள். ஒன்றின் மேல் யாரோ கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அதுதான் என்றாள் அலமு. சந்திரமதி நின்றாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். நண்டு ஒன்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போய் வந்தது. வெயில் ஏறியது.

“போகலாம்” என்றாள்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் அலமு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். சந்திரமதி ஒரு வாய் போட்டுவிட்டு, “காரமா இருக்கு” என்றாள்.

“தண்ணி தரட்டுங்களா?”

“வேணாம். இன்னும் கொஞ்சம் வைங்க.”

சாப்பிட்ட இடத்திலேயே பாயில் சாய்ந்தாள். அலமு கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே விரட்டினாள். பெட்டிமேல் இருந்த போர்வையை எடுத்து வருவதற்குள் சந்திரமதி தூங்கியிருந்தாள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.