கடைசிச் சுற்றுப் பெண்கள்

தமிழ்ச்செல்விக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, திகுதிகுவென்று எரிந்தது. காளவாசல் கல்யாண மண்டபத்தில் பெண்கள் கபடி லீக்குக்கு ஆள் எடுக்கும் கூட்டம். சுற்றுக்கு ஒரு பெண்ணாக, ஒவ்வொரு டீமும் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். வருசா வருசம் எல்லாப் பெயரும் மறுபடி பொதுவுக்கு வந்துவிடும். கப்பலூர் டீமுக்குக் கோச் தமிழ்ச்செல்வி. பேரையூருக்கு, எதிர் வரிசையில் சாவகாசமாக முறுக்குத் தின்றுகொண்டிருந்த சரண்யாதேவி.

இருவரும் ஒரே காலேஜ் டீமில் ஆடியவர்கள்தான். தமிழ்ச்செல்வி எதிர்க்களத்துக்குப் பாடிப்போய்ப் புள்ளி எடுப்பாள். ஊரே கை தட்டும். சரண்யா கோட்டோரம் நின்று, பாடி வருபவள் காலைப் பிடிப்பாள். அவளை யார் பார்த்தார்கள்? இப்போது பாருங்கள், கப்பை மட்டும் அவள் தூக்கிக்கொண்டு போகிறாள்! தமிழ்ச்செல்வி முதல் சுற்றுகளிலேயே, தன்னைப்போலப் பாடிப்போகும் பெயர்போன ரெய்டர்களாக அள்ளுவாள். இவளோ, மற்றவர்கள் பிரியாணிக்கு எழுந்து போகிற கடைசிச் சுற்றுகளில், யாரும் சீண்டாத பிடி ஆட்டக்காரி ஒருத்தியை எடுப்பாள். போன வருசம் திவ்யா. அதற்கு முந்தி இருளாயி. இரண்டு பேருமே முந்தின வருசம் கப்பலூரில் ஆடி, தமிழ்ச்செல்வி வேண்டாமென்று விட்ட பெண்கள். அந்தத் திவ்யாதான் பைனலில் கப்பலூர் ரெய்டரின் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தாள். இந்த வருசமும் கப் வரவில்லையென்றால் வேறு கோச் பார்த்துக்கொள்கிறேன் என்று டீம் ஓனர் மலைச்சாமி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கடைசிக்கு முந்தின சுற்று. "பாண்டிமீனா" என்றாள் சரண்யா.

தமிழ்ச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டிமீனா போன வருசம் கப்பலூரில் ஆடியவள். கண்டபடி பாய்ந்து புள்ளியை விட்டவள். அவளை எந்தக் கிறுக்கி எடுப்பாள்? ஆனால் எடுத்தது சரண்யா ஆயிற்றே! அப்படியானால் அந்தப் பெண்ணிடம் என்னமோ இருக்கிறது. தன் கண்ணுக்கு மட்டும் ஏன் அது தட்டுப்படவில்லை? பொறுக்கமாட்டாமல் எழுந்து போய்ச் சரண்யாவின் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏன்டி, நான் கழிச்சு விட்டதையே பொறுக்குறியே, கோயில்ல பூக்கட்டிப் பாத்து எடுக்குறியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் மேட்ச் எல்லாத்துக்கும் வந்துருவேன். உன்னையத்தான் பாப்பேன்."

"என்னையவா?"

"ஆமா. நீ யாரைத் திட்டுறேன்னு பாப்பேன். எதிராளி பாடி வரயில மத்தவளுக பயந்து ஒதுங்கிருவாளுக. பிடிச்சே தீரணும்னு பாயிறவளுக்குத்தான் பிடி தவறும். தவறுனவளுக்குத்தான் உங்கிட்ட அம்புட்டு ஏச்சும் விழும். நீ வாயத் தொறந்தா எனக்குத் தேடுற வேலை மிச்சம் செல்வி."

சொல்லிவிட்டு முறுக்கை நீட்டினாள். அந்த முகத்தில் கேலியே இல்லை. அதுதான் தமிழ்ச்செல்விக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"கடைசிச் சுற்று. கப்பலூர், சொல்லுங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

சரி, இவள் வழியிலேயே இவளை மடக்குவோம் என்று தமிழ்ச்செல்விக்கு வெறி வந்தது. போன வருசம் சரண்யாவிடம் அதிகம் ஏச்சு வாங்கிய பேரையூர்ப் பெண் யார்? ஒவ்வொரு ஆட்டமாக யோசித்தாள். பிடி தவறியவள் முதுகில் தட்டி மறுபடி கோட்டுக்கு அனுப்பும் சரண்யாதான் ஞாபகத்தில் வந்தாள். சண்டாளி, ஒருத்தியையாவது திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா!

"கப்பலூர்!" மைக் மறுபடி அதட்டியது.

சுவரோரம் மிச்சமிருந்த பெண்களை நோக்கித் திரும்பினாள் தமிழ்ச்செல்வி. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது செய்வதுபோல, அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.